முழவில் கணக்குண்டு, நாவில் தமிழுண்டா?

தமிழாசிரியனாக முப்பதாண்டை நெருங்கிக் கொண்டிருப்பவன் நான். திருவொற்றியூர்ப் பகுதியிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கல்வி பெற்று, கல்லூரிப் படிப்பை மட்டும் வெளியே முடித்து, மீண்டும் அப்பகுதிப் பிள்ளைகளுக்கே தமிழ் கற்பித்து வருகிறேன். பாடம் நடக்கும்போது பலகையில் விரலால் தட்டும் மாணவனை எழுப்பி நிறுத்துவது இத்தனை ஆண்டும் என் வழக்கமாக இருந்தது. தட்டுவது பாடத்தில் கருத்தூன்றாமைக்கு அடையாளம் என்பது என் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைச் சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு சிறுவன் எனக்கு உணர்த்தினான்.

கணக்காசிரியர் விடுப்பில் இருந்தமையால் அவருடைய ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அன்று நான் சென்றிருந்தேன். கடைசி வரிசையில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். கணக்கில் நூற்றுக்கு இருபதைத் தாண்டாதவன். அவன் தந்தை இறப்பு வீடுகளிலும் ஆடிக் கூழ்த் திருவிழாக்களிலும் பறையடிப்பவர். “என்ன தம்பி தட்டுகிறாய்?” என்றேன். “ஒன்றுமில்லை ஐயா, நேற்று அப்பா அடித்த அடி” என்றான். ஏனோ அன்று எனக்குச் சினம் வரவில்லை. “முன்னே வந்து அடித்துக் காட்டு” என்றேன்.

அடித்தான். இடக்கையால் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டு, வலக்கையால் நீண்ட அடியொன்றைத் தொடங்கி, அதனைக் குறைத்துக்கொண்டே வந்து ஒற்றைத் தட்டில் முடித்தான். உடனே மறுபடியும் நீண்ட அடியில் தொடங்கிக் குறைத்து வந்து, இடக்கையின் முதற்கொட்டு மீண்டும் விழும் இடத்தில் மயிரிழை பிசகாமல் சென்று சேர்ந்தான். எண்ணிப் பார்த்தேன். ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. மீண்டும் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. இடக்கையில் எட்டுக் கொட்டு. கொட்டொன்றுக்கு நான்கு அலகு. ஆக மொத்தம் 32.

“எப்படிச் சரியாக வந்து விழுகிறது?” என்று கேட்டேன். “தெரியாது ஐயா, விழும்” என்றான்.

கரும்பலகையில் எழுதினேன். 7, 5, 3, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 16. அது நான்கை நான்கால் பெருக்கிய எண். ஒன்று முதல் தொடங்கும் ஒற்றைப்படை எண்களை எத்தனை எண்ணிக்கை கூட்டினாலும் அவ்வெண்ணிக்கையின் இருபடியே விடையாக வரும். ஒன்றும் மூன்றும் நான்கு. ஐந்தைச் சேர்த்தால் ஒன்பது. ஏழைச் சேர்த்தால் பதினாறு. அதனை இருமுறை அடித்தால் 32. அதனால்தான் வந்து விழுகிறது. நான் எழுதி முடிப்பதற்குள் முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, “ஐயா, இது ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம்” என்றாள். ஆம், நடுவரிசையில் ஏழு புள்ளி, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று அவள் நாள்தோறும் வாயிலில் வைக்கும் புள்ளியும் அதே எண்வரிசைதான். பறையடிப்பவர் மகனும் கோலமிடுபவளும் கணக்கறியாதவர்கள் என்று நாம் மதிப்பெண் போட்டுக் கொண்டிருந்தோம்!

அன்று மாலையே ஓர் இசைப்பாட நூலை அச்சிறுவனிடம் கொடுத்து, தாளத்தைப் பற்றிய பகுதியைப் படித்துவரச் சொன்னேன். மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தான். “ஐயா, இதில் இருப்பது எங்கள் அடி இல்லை போலிருக்கிறது” என்றான். திச்ரம், சதுரச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம், கோபுச்சம், சுரோதோவகம் என்று அடுக்கடுக்காக வந்த சொற்களைக் கண்டு, தன் வீட்டுக் கலையைத் தனக்குரியதன்று என்று அவன் முடிவு செய்துவிட்டான். இக்கட்டுரைக்குக் கரணியம் அந்த ஒரு சொல்தான்.

எண்ணை மறைக்கும் சொற்கள்

அந்நூல் சொல்வதென்ன? தாளத்தின் நடை ஐந்து. கொட்டொன்றுக்கு மூன்று அலகு, நான்கு அலகு, ஐந்து அலகு, ஏழு அலகு, ஒன்பது அலகு என நடப்பவை. ஏழு தாளங்களை இவ்வைந்து வகையால் பெருக்க 35. அவற்றை மீண்டும் ஐந்து நடையால் பெருக்க 175. இதுதான் அடிப்படைக் கணக்கு. இதில் கடுகளவும் கடினமில்லை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். மிச்ரம் என்ற வடசொல்லுக்குக் கலப்பு என்று பொருள். சங்கீர்ணம் என்ற வடசொல்லுக்கும் கலப்பு என்றே பொருள். இரண்டில் எது ஏழு, எது ஒன்பது? சொல் சொல்லாது, நெட்டுருப் போட்டவனே சொல்வான். கண்டம் என்றால் துண்டு. துண்டு எப்படி ஐந்தாயிற்று என்று பன்னிரண்டு அகவைப் பிள்ளை கேட்டால் எந்த ஆசிரியர் விடை சொல்வார்?

தமிழிசை அறிஞர் வழங்கும் பெயர்கள் மும்மை, நான்மை, ஐம்மை, எழுமை, ஒன்பான்மை என்பன. பெயரிலேயே எண் நிற்கிறது. எழுமை என்றவுடன் ஏழு என்று அறியாத தமிழ்ப்பிள்ளை உண்டா? வடசொல்மேல் வெறுப்பு என்று நம்மைப் பழிப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணைச் சொல்ல வந்த சொல் எண்ணை மறைக்கிறது. எண்ணைக் காட்டும் சொல் நம்மிடம் இருக்கிறது. எதனை வகுப்பில் வழங்குவது அறிவுடைமை?

அதுபோன்றே அடிகளைப் பெருக்கியும் குறைத்தும் அமைக்கும் வடிவங்கள். பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக முடிவது கோபுச்சம் என்கின்றனர். பசுவின் வாலைப் போலக் குறைந்து செல்வது. நாம் ஆன்வால் என்போம். சிறிதாகத் தொடங்கிப் பெருகுவது சுரோதோவகம். நாம் ஆற்றொழுக்கு என்போம். நடுவில் பருத்து இருபுறமும் சிறுத்தது முழவு. நடுவில் சிறுத்து இருபுறமும் பருத்தது துடி. அச்சிறுவன் அடித்த எண்களையே 1, 3, 5, 7, 7, 5, 3, 1 என்று வைத்தால் முழவு. 7, 5, 3, 1, 1, 3, 5, 7 என்று வைத்தால் துடி. எப்படி வைத்தாலும் 32 அலகில் வட்டணை நிறைகிறது. கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டினால் முழவின் உருவமும் உடுக்கையின் உருவமும் கண்முன் எழும். த என்பது ஒன்று, தகிட மூன்று, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. நாவால் சொல்லி, கையால் தட்டி, கண்ணால் பார்த்துக் கற்கக்கூடிய கணக்கு இது.

பள்ளிக் கணக்கில் இடர்ப்படும் இடங்களுக்கெல்லாம் இதில் எடுத்துக்காட்டு உண்டு. மீச்சிறு பொது மடங்கு என்பது பிள்ளைகளுக்கு வேப்பங்காய். நான்மை நடையில் கை கொட்டிக்கொண்டு ஐந்தலகுச் சொற்கட்டைத் தொடர்ந்து சொல்லிச் செல்லுங்கள். சொற்கட்டின் தொடக்கமும் கொட்டும் இருபதாம் அலகு முடிந்தவுடன் ஒன்றுசேரும். ஏழலகுச் சொற்கட்டாயின் இருபத்தெட்டு. எட்டுக் கொட்டு வட்டணையின் முதற்கொட்டிலேயே வந்து விழவேண்டுமாயின் ஐந்தலகுச் சொற்கட்டு 160 அலகும், ஏழலகுச் சொற்கட்டு 224 அலகும் ஓடவேண்டும். மீச்சிறு பொது மடங்கு இதுவன்றி வேறு யாது?

குறிக்கணக்கும் உண்டு. ஆடலிலும் முழவிலும் ஒரு சொற்கட்டை மும்முறை சொல்லி, இடையில் இருமுறை கார்வை விட்டு முடிப்பது மரபு. முப்பத்திரண்டு அலகில் இம்முடிப்பை அமைக்க வேண்டும். சொற்கட்டு பத்தாயின் கார்வை ஒன்று, எட்டாயின் நான்கு, ஆறாயின் ஏழு, நான்காயின் பத்து. சொற்கட்டு ஒற்றைப்படையாயின் எக்கார்வை விட்டாலும் நிறையாது. ஏனெனில் ஒற்றைப்படையின் மும்மடங்கு ஒற்றைப்படை, கார்வை இரண்டும் சேர்ந்தது இரட்டைப்படை. இரண்டின் கூட்டு ஒருகாலும் முப்பத்திரண்டு ஆகாது. இதனைத் தாளில் எழுதிக் கண்டறிபவனை அறிஞன் என்கிறோம். கையால் அடித்துக் கண்டறிந்தவனைக் கடைசி வரிசையில் அமர்த்துகிறோம்.

முன்னோர் வைத்த முறை

இக்கணக்குக்குத் தமிழில் பெயரில்லை, நாமாகப் புதிதாகப் புனைந்து நுழைக்கிறோம் என்று கூறுவோர் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. தாளத்தின் உறுப்புகள் அங்குக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என நான்காகக் கூறப்படுகின்றன. கொட்டு அரை மாத்திரை, அசை ஒரு மாத்திரை, தூக்கு இரண்டு, அளவு மூன்று. இவற்றைக் குறிக்க எழுத்துக் குறியீடுகளும் உண்டு. கொட்டுக்குக் க, அசைக்கு எ, தூக்குக்கு உ, அளவுக்கு ஃ. மூன்று மாத்திரைக்கு முப்புள்ளி ஆய்தம்! தாளத்தை எழுதிவைக்கத் தமிழெழுத்தாலேயே ஒருமுறை கண்டிருந்தனர் என்பது தெளிவு. சீர்களின் எண்ணிக்கைக்கேற்ப ஒரு சீர் செந்தூக்கு முதல் எழுசீர் நெடுந்தூக்கு வரை ஏழு தூக்குகள் உரைக்கப்படுகின்றன. அரை மாத்திரைத் தாளம் முதல் பதினாறு மாத்திரைத் தாளம் வரை நாற்பத்தொரு தாளங்கள் கூத்துக்கு உரியவாகக் குறிக்கப்படுகின்றன.

இன்னொன்றும் காண்க. மாதவியின் அரங்கேற்றத்தில் தண்ணுமையாசிரியன் அறிந்திருக்க வேண்டியவை இவை இவையென இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். ஆடல், பாடல், இசை ஆகிய மூன்றையும் கூறியபின் அடுத்து அவர் வைப்பது தமிழை. அதன் பின்னரே பண்ணும் பாணியும் தூக்கும் வருகின்றன. முழவடிப்பவனுக்குத் தமிழறிவு இன்றியமையாதது என்பது நம் காப்பியம் வகுத்த தகுதி. இன்றைய இசைப்பள்ளிகளில் முழவு கற்கும் பிள்ளைக்கு இத்தகுதியை எவரேனும் கேட்கின்றனரா?

தாளத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு வெறும் பெயருறவும் அன்று. மாத்திரை என்ற அளவைத் தொல்காப்பியர் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்தார். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்பதனைத் தமிழ்ப்பிள்ளை எழுத்தறியும்போதே கற்கிறது. ஆக, தாளக்கணக்கின் முதற்பாடம் தமிழிலக்கணத்தின் முதற்பாடமே. செய்யுளியலில் அடிகளின் வகையை 625 என்று தொல்காப்பியர் எண்ணிச் சொல்கிறார். ஐந்தை நான்குமுறை வைத்துப் பெருக்கினால் வரும் எண் அது.

குறிலையும் நெடிலையும் கொண்டு இன்னொரு கணக்கும் போடலாம். நான்கு மாத்திரையைக் குறில் நெடில்களால் எத்தனை வகையில் நிரப்பலாம்? நான்கும் குறிலாக ஒன்று, ஒரு நெடிலும் இரு குறிலுமாக மூன்று, இரு நெடிலாக ஒன்று, ஆக ஐந்து. ஐந்து மாத்திரையாயின் எட்டு. ஆறாயின் பதின்மூன்று. ஏழாயின் இருபத்தொன்று. எட்டாயின் முப்பத்துநான்கு. ஒவ்வோர் எண்ணும் முன்னிரண்டு எண்களின் கூட்டு. இத்தாலியர் பிபொனாச்சி 1202ஆம் ஆண்டில் எழுதிய நூலால் உலகெங்கும் அவர் பெயரில் வழங்கும் எண்வரிசை இது. அவருக்கு முன்பே வடபுலத்து யாப்பு நூலாரான விரகாங்கரும் ஏமச்சந்திரரும் செய்யுள் மாத்திரையை எண்ணும்போது இதனைக் கண்டிருந்தனர். அவர்கள் கண்டதை அவர்கள் கண்டது என்றே சொல்வோம். பிறர் உழைப்பை நமதென்பது தமிழ்ப்பண்பு அன்று. நாம் கேட்பது ஒன்றே. அதே கணக்கைத் தமிழ்க் குறிலையும் தமிழ் நெடிலையும் கொண்டு தமிழ்ப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தடையென்ன?

ஒற்றியூர் சொல்லும் செய்தி

நான் வாழும் பகுதியை வடசென்னை என்றால் புகைபோக்கியும் சரக்குப் பெட்டக வண்டியும் கருவாடும் என்றே பலர் நினைக்கின்றனர். 1856இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரமும், மீன்பிடி துறைமுகமான காசிமேடும், எண்ணூரின் கழிமுகமும், மணலியின் எண்ணெய் ஆலையும் அடுத்தடுத்துக் கிடக்கும் நெய்தல் நிலம் இது. இந்நிலத்தின் நடுவே நிற்கிறது திருவொற்றியூர்க் கோயில். மூவர் பாடலும் பெற்றது. செக்காடும் குடியிற் பிறந்த கலியநாயனாரின் ஊர்.

அக்கோயிலின் கல்வெட்டுகளில் இரண்டை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. பாணினியின் இலக்கணம் கற்பிக்கும் மண்டபம் ஒன்று அங்கு இருந்தது. அதற்கு 1213ஆம் ஆண்டில் 65 வேலி நிலம் விடப்பட்டது. பின்னர் மூன்றாம் இராசராசனின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1235ஐ ஒட்டி, ஆவணித் திருநாளில் அரசன் அக்கோயிலில் அமர்ந்திருக்க, உறவாக்கின தலைக்கோலி என்பவள் அகமார்க்கம் என்று கல்வெட்டுக் குறிக்கும் கலையை நிகழ்த்தினாள். அதன் தொடர்பாக மணலியில் 60 வேலி நிலம் விடப்பட்டு, அவள் பெயராலேயே உறவாக்கினநல்லூர் என்று பெயரிடப்பட்டது. இக்கால அளவில் வேலியொன்றை 6.6 ஏக்கராகக் கொண்டால் நானூறு ஏக்கரை ஒட்டிய நிலம்.

தலைக்கோலி என்பது மாதவி பெற்ற பட்டத்தின் வழிவந்த பட்டம். புகாரின் கடற்கரையில் தோன்றிய மதிப்பு ஒற்றியூரின் கடற்கரை வரை அறாமல் வந்திருக்கிறது. வடமொழி இலக்கணத்துக்கு 65 வேலி என்றால் தமிழ்நாட்டு ஆடல்மகளின் கலைக்கு 60 வேலி. அக்காலத்து அரசு ஆடலையும் தாளத்தையும் இலக்கணத்தோடு ஒத்த கல்வியாக எண்ணியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? இன்று மணலி என்றால் 1969 முதல் இயங்கிவரும் எண்ணெய் ஆலை நினைவுக்கு வருகிறது. உறவாக்கின தலைக்கோலி யார் நினைவுக்கும் வருவதில்லை. மணலியிலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் ஒருவரும் அப்பெயரைக் கேட்டிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஒற்றியூர் இசையூராகவே இருந்தது. தியாகையர் இங்கு வந்து வடிவுடையம்மன்மேல் ஐந்து பாடல்கள் பாடினார். வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர்த் தியாகையர், ‘பல்லவி சுவர கல்பவல்லி’ என்ற நூலை 1900இல் வெளியிட்டார். தியாகையர் தம் தாய்மொழியாகிய தெலுங்கில் பாடினார்; அவருக்கு அது பெருமை. அவரைக் குறைகூறுவது நம் வேலையன்று. தம் தாய்மொழியில் பாடிய அவரைப் போற்றுகிறவர்கள், தம் தாய்மொழியில் கற்பிக்க மட்டும் நாணுவதேன் என்பதே நம் கேள்வி. 1917இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தையும், 1947இல் விபுலானந்த அடிகள் யாழ்நூலையும் தந்து சென்றனர். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அரங்கில் தமிழ்ப்பாட்டுக்கு ஓரளவு இடம் கிடைத்தது. ஆனால் தாளத்தின் கணக்கு மட்டும் இன்னும் பிறமொழிப் பெயரில்தான் நிற்கிறது.

ஆடலின் கதையும் அத்தகையதே. சதிர் என்று வழங்கிய கலைக்கு 1932இல் சென்னையில் பரதநாட்டியம் என்ற பெயர் சூட்டப்பட்டது. மேடையின் பெயர் மாறிற்று. கால்களின் பெயர் மாறவில்லை. தட்டடவு, நாட்டடவு, குத்தடவு, தட்டிமெட்டு என்று நட்டுவனார்கள் வழங்கிய அடவுப் பெயர்கள் இன்றளவும் நல்ல தமிழாகவே உள்ளன. தாளக்கோலைத் தட்டி அவர்கள் சொன்ன சொற்கட்டு என்ற பெயரும் தமிழே. எடுப்பு, நடை, கார்வை, அடி ஆகியவையும் தமிழே. உழைக்கும் கைகால்களுக்குத் தமிழ்ப்பெயர் நிலைத்தது. கணக்குக்கும் கோட்பாட்டுக்கும் வடபெயர் வந்தது. தொழில் தமிழனுடையது, அறிவு பிறனுடையது என்ற பொய்த்தோற்றம் இவ்வாறுதான் உண்டாயிற்று. அத்தோற்றத்தைத்தான் அச்சிறுவன் உண்மையென்று நம்பி நூலைத் திருப்பிக் கொடுத்தான். கோயில் விளக்கேந்தும் பணியிலிருந்து எழுந்து, தவில்காரர் மாரியப்பரிடம் தாளம் கற்று, கஞ்சிராவை அரங்கேற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளையின் வழிமுறை, தாளக்கணக்கின் நுட்பத்துக்குப் பெயர்பெற்றது. கணக்கு தவிலிலிருந்து அரங்குக்கு ஏறியதேயன்றி அரங்கிலிருந்து தவிலுக்கு இறங்கவில்லை.

நம்மவர் குறையும் உண்டு

பிறரை மட்டும் குற்றங்கூறி இக்கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. அடியார்க்குநல்லார் முழவுகளை வகைப்படுத்தும்போது அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்று அடுக்குகிறார். மத்தளமும் இடக்கையும் குடமுழாவும் அகமுழவு. சாவுக்கு அடிக்கும் நெய்தற்பறை புறப்புறமுழவு. நம் உரையாசிரியரே அதனைப் புறப்புறத்துக்குத் தள்ளினார். நாமோ இன்று பறையைத் தமிழரின் முதற்கருவி என்று மேடைதோறும் முழங்குகிறோம்; ஊர்வலத்தின் முன்னே அடிக்கச் செய்கிறோம்; ஊர்வலம் முடிந்ததும் அடித்தவரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு மண்டபத்துக்குள் செல்கிறோம். குலப்பிரிவின் நஞ்சு தனித்தமிழ் பேசும் நம் நாவிலும் இல்லாமலில்லை.

அச்சிறுவனை அழைத்துக்கொண்டு இசை கற்பிக்கும் ஓரிடத்துக்குச் சென்றேன். பெயர் வேண்டா. அவன் அடித்ததைக் கேட்டார்கள். “கை நன்றாக இருக்கிறது, ஆனால் இது சாவடி. முதலில் இதை மறக்க வேண்டும்” என்றார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் தலை குனிந்தே வந்தான். அவ்வாறு கூறியவர் வடமொழிப் பற்றாளரும் அல்லர். நெற்றியிலும் நாவிலும் தமிழ் மணப்பவர். ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்ற எண்களில் சாவேது, வாழ்வேது? அதே ஆன்வால் அரங்கில் ஒலித்தால் கைதட்டுவோம். இறப்பு வீட்டில் ஒலித்தால் தீட்டென்போமா? மிச்ரத்தை எழுமையாக்கினால் மட்டும் போதாது, தோழர்களே! எழுமையைத் தன் கையில் வைத்திருப்பவரை உள்ளே அழைத்து அமர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றினால் பலகை மாறும், வீடு மாறாது.

கரைவலை இழுத்த நாளில் இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஏலேலோப் பாட்டு ஒலித்தது. தலைவன் ஓரடி பாட, மற்றவர் வாங்கிப் பாடி, பாடும் அடியின் எடுப்பிலேயே அத்தனைபேரும் ஒருசேர வடத்தை இழுத்தனர். தாளம் பிழைத்தால் வலை வராது. அங்கே தாளம் பொழுதுபோக்கன்று; உழைப்பின் அளவுகோல். அந்தக் காதோடு பிறந்த பிள்ளைகளைத்தான் கணக்கு வராதவர்கள் என்று ஒதுக்குகிறோம்.

செய்ய வேண்டுவன

அரசு செய்யட்டும் என்று காத்திராமல் நாமே தொடங்கக்கூடியவை மூன்று.

ஒன்று: நம்மில் ஆசிரியராக உள்ளோர் அனைவரும், எப்பாடம் கற்பிப்பவராயினும், ஆண்டுக்கு நான்கு வகுப்பேனும் தாளத்தைக் கொண்டு கணக்குக் கற்பிப்போம். ஒற்றைப்படை எண்களின் கூட்டும், பொது மடங்கும், குறில் நெடில் வரிசையும் போதும். கருவி வேண்டா, இரு கைகளும் ஒரு பலகையும் போதும்.

இரண்டு: மும்மை, நான்மை, ஐம்மை, எழுமை, ஒன்பான்மை, ஆன்வால், ஆற்றொழுக்கு, முழவு, துடி, கொட்டு, அசை, தூக்கு, அளவு, வட்டணை, எடுப்பு, கார்வை. இப்பதினாறு சொற்களையும் இசைப்பள்ளிகளிலும் ஆடற்பள்ளிகளிலும் நம் பிள்ளைகளைக் கொண்டு வழங்கச் செய்வோம். வடபெயரையும் பிள்ளை அறிந்திருக்கட்டும், தேர்வுக்கு வேண்டுமன்றோ! ஆனால் முதலில் காதில் விழும் பெயர் தமிழாக இருக்கட்டும்.

மூன்று: ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பறையாசிரியரைப் பள்ளிக்கு அழைப்போம். ஐயா என்று அழைத்து, நாற்காலியிட்டு அமர்த்தி, உரிய ஊதியமும் கொடுத்து, பிள்ளைகள்முன் அடிக்கச் செய்வோம். நம் கூட்டங்களிலும் அவ்வாறே.

மூன்றாவதை நான் செய்துவிட்டேன். இவ்வாண்டு தைத்திங்களில் அச்சிறுவனின் தந்தையாரை எங்கள் பள்ளிக்கு அழைத்திருந்தேன். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் அடித்தார். அவர் அடித்ததைக் கணக்காசிரியரே கரும்பலகையில் எண்ணி எண்ணி எழுதினார். மகன் அருகில் நின்று, “இது ஆன்வால், இது துடி” என்று சொல்லிக்கொண்டே வந்தான். சென்ற அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவன் பெற்றது நாற்பத்திரண்டு. பெருவெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. தேறினான் என்றே சொல்கிறேன். அந்த இசைப்பாட நூல் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. வடபெயர் ஒவ்வொன்றன் அருகிலும் கரிக்கோலால் தமிழ்ப்பெயரை எழுதி வைத்திருக்கிறான்.

தமிழன்பர்களே! உங்கள் தெருவிலும் பலகையைத் தட்டும் பிள்ளை ஒன்று இருக்கும். அதனை எழுப்பி நிறுத்தாதீர்கள். என்ன தட்டுகிறாய் என்று கேளுங்கள். கேட்டபின் அதற்குரிய தமிழ்ப்பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.